நகம் மாட்டும் கீறல்

மண்ணில் கிடந்த துணியை எடுத்து, உதறக்கூடச் செய்யாமல் ஒரு துடை துடைத்தாயே, அந்தக் கை உன் கைதான், இல்லையென்று சொல்லிவிடாதே. காரின்மேல் உப்புத்தூசி படிந்திருந்ததை நீ பார்த்தாய். பக்கத்திலேயே குழாய் இருந்தது, குழாய்க்குக் கீழே வாளி இருந்தது, வாளியில் ஷாம்பு நுரைகூட இன்னும் அடங்கவில்லை. அதில் எதையும் தொடாமல், காய்ந்த துணியால், வட்டம் வட்டமாக, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தேய்த்துவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். பேரையாவது சொல்லிவிட்டுப் போனாயா?

இப்படித்தான், தூத்துக்குடிக்கு வெளியே உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில், தகரக் கூரை போட்ட தன் பாலிஷ் கொட்டகைக்கு முன்னால் நின்றுகொண்டு, உச்சி வெயிலில் இடுப்பில் கையை ஊன்றி, மேலே பார்த்துக் கத்துகிறாள் கித்தேரி. சாலையில் போகிறவர்கள் அதைப் பார்த்து வண்டியை நிறுத்துவதில்லை. பழகிவிட்டது.

கித்தேரி கற்றுக்கொண்டதெல்லாம் அடிபட்டுத்தான். துறைமுகத்து லாரிகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற வேலையில் ஆரம்பித்து, வாளியைத் திருடினவன், பேச்சு மாறினவன், பொம்பளைக்கு மெஷின் எதற்கு என்று கேட்டவன் என ஒவ்வொருவனிடமும் ஒவ்வொன்றைத் தெரிந்துகொண்டு, சொந்த மெஷின், சொந்தக் கொட்டகை என்று நிமிர்ந்தவள். அவளோடு பேரம் பேச வருகிறவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள், பேரம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்று தெரியும். கடற்காற்றும் உப்பும் நிலக்கரித் தூசியும் ஊரில் ஓடுகிற எல்லா வண்டியின் பெயிண்டையும் தின்றுகொண்டிருக்கிற ஊரில், எந்தக் கீறலுக்கு மெஷினில் மாட்டித் தேய்க்கிற எந்த பேடு, எந்த பேடுக்கு எந்தக் காம்பவுண்டுப் பசை என்பதில் அவள் வைத்ததுதான் சட்டம். கறுப்பு ஃபோம் பேடு தாலாட்டும், வெள்ளை ஃபோம் தடவும், ஆரஞ்சு ஃபோம் பிறாண்டும், கம்பளி கடிக்கும். முதலில் தாலாட்டிப் பார், மசியாவிட்டால் தடவு, அதற்கும் மசியாவிட்டால் பிறாண்டு, கடிக்கிறதைக் கடைசிக்கு வைத்துக்கொள். பெயிண்டு விஷயத்தில் அவள் இந்த வரிசையை மீறியதே கிடையாது. மனுஷர்கள் விஷயத்தில் மட்டும் நேரே கம்பளியில்தான் தொடங்குவாள் என்று எதிர்த்த டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள், அவள் காதில் விழாத தூரத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கம்பளியில்தான் தொடங்கியது. அவள் புருஷன் சந்தியாகு, வள்ளத்து எஞ்சினில் வழிந்த டீசலைத் துடைக்கக் கைக்குக் கிடைத்ததை எடுத்தான். கைக்குக் கிடைத்தது அவளுடைய புத்தம்புது வெள்ளை பேடு.

"துடைக்க உம்ம கைலி இல்லையா? உம்ம தலைமுடி இல்லையா? கல்யாணப் பொண்ணு கன்னத்துல படவேண்டியதை எஞ்சின் மூஞ்சியில தேச்சிருக்கீரே!"

"ஒரு பஞ்சுக்கா இந்தச் சத்தம் போடுத?"

"பஞ்சா? பஞ்சுன்னா சொன்னீரு?"

அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசைக்குப் போவார்கள், கறி எடுப்பார்கள், வேம்பு நிழலில் சீட்டாடுவார்கள். ஆனால் உன் வாய்க்குக் கடலே தேவலை என்று சொல்லி, எல்லா வள்ளமும் மணலில் குப்புறக் கிடந்த அந்த நாளில், சந்தியாகு தன் வள்ளத்தை மட்டும் தள்ளிக்கொண்டு இறங்கினான். அவள் கடலுக்குள் நீண்ட கல்பாலத்தின் நுனிவரை துரத்திப் போய், டீசல் ஊறிய பேடை அவன் முதுகைக் குறிபார்த்து எறிந்தாள். அது வள்ளத்துக்குள்தான் விழுந்தது. அந்தத் திருப்தியோடு கொட்டகைக்குத் திரும்பி வந்தபோது, வாசலில் அந்தக் கார் நின்றது.

பழைய அம்பாசிடர். நீலம். கடைகளில் நீலம் என்று கேட்டால் எடுத்துப் போடுகிற எந்த நீலமும் இல்லை. மழை விட்ட மறுநாள் காலையில், துணி காயப்போட மாடிக்குப் போகிறவள் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கணம் அண்ணாந்து நின்றுவிடுகிறாளே, அந்த நீலம். யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டதற்கு டீக்கடைக்காரர் நெட்டையான ஆள் என்றார், பஞ்சர் கடைக்காரர் குட்டை என்றார், கரும்புச்சாறு பிழிகிறவள் அது ஆம்பளையே இல்லை என்றாள். வந்த ஆளுக்கு ஏதோ அவசரம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

கித்தேரி குனிந்து, வெயில் சாய்வாக விழும்படி பானெட்டைப் பார்த்தாள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றி, சிலந்தி நிதானமாக உட்கார்ந்து நூற்றது போல, வட்ட வட்டமாகச் சுழிக்கோடுகள். மண் ஒட்டிய துணியால் துடைத்தால் வருகிற கோடுகள். துடைத்தவனைத் திட்டுவதற்காக நிமிர்ந்து மேலே பார்த்தாள். வானத்திலும் சூரியனைச் சுற்றி அதே கோடுகள் இருந்தன, அதே இடத்தில் நெருக்கமாக, அதே இடத்தில் கலைந்து. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

சாயங்காலம் சந்தியாகு கரைக்கு வரவில்லை. வராமல் போகவும் இல்லை. கரையிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில் அவன் வள்ளம் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சுக்கானைத் திருப்பினால் திரும்பியது, ஆனால் திரும்பியபடியே வட்டத்துக்குள் வந்து சேர்ந்தது. எஞ்சினை நிறுத்தினாலும் சுற்றியது. கயிறு கட்டி இழுக்கப் போன விசைப்படகு, கயிற்றை அறுத்துக்கொண்டு தப்பித்தால் போதும் என்று திரும்பி வந்தது. வானத்தில் அந்தக் கீறல் விழுந்தபோது கரையில் இருந்தவர்கள், அது எங்கே கிடக்கிறது என்று மறுநாளே தெரிந்துகொண்டு ஒதுங்கிப் போய் மீன் பிடித்தார்கள். கீறல் விழுந்த நேரத்தில் அதன் அடியில் இருந்தவன் ஒருத்தன்தான், அவன் அதற்குள் மாட்டிக்கொண்டான், பள்ளத்தில் சிக்கின உப்புக்கல் மாதிரி.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், காலகாலமாக இப்படி ஒருத்தன் அங்கே சுற்றிக்கொண்டிருந்தான் என்றே தோன்றும். சந்தியாகு வடக்கே திரும்பினால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். தெற்கே திரும்பினால் உலை வைத்தார்கள். கடலுக்குப் போகிற வள்ளங்கள் அவனைக் கடக்கும்போது தண்ணீர்க் கேனும் இட்லிப் பொட்டலமும் வீசின, அவன் பதிலுக்கு மீனை வீசினான். வட்டத்தின் கிட்டத்து வளைவில் மட்டும் அவன் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. அந்த வளைவைக் கடக்கிறவரை அவனும் கித்தேரியும் சண்டை போட்டார்கள். சிக்னல் போனதும், அடுத்த சுற்றுக்கு என்ன சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்தார்கள்.

கித்தேரி காரைக் கொட்டகைக்குள் ஏற்றினாள். முதலில் கழுவினாள், அன்று மத்தியானம் ஊரில் தூற்றல் போட்டது. களிக்கட்டியால் பெயிண்டில் ஒட்டியிருந்த தூசியை உருட்டி எடுத்தாள். காகங்கள் தும்மியது போலத் தலையைச் சிலுப்பிக்கொண்டன. பிறகு, எந்த வண்டிக்கும் செய்கிற மாதிரி, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையைச் சோதனைக்காகத் தேர்ந்தெடுத்தாள். டிக்கியின் இடது மூலை. கறுப்பு பேடில் மெல்லிய பாலிஷைப் பொட்டுப் பொட்டாக வைத்து, மெஷினைத் தாலாட்ட விட்டாள். பேடை எடுத்துப் பார்த்தபோது அதில் நீலம் ஏறியிருந்தது. பழங்காலத்து பெயிண்டு, மேலே கண்ணாடிப்பூச்சு கிடையாது. தேய்த்தால் நிறமே கையோடு வரும். தேய்க்கிற ஒவ்வொரு தேய்ப்புக்கும் வானத்தில் அவ்வளவு குறையும் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆகையால் அதிகம் தேய்க்கக்கூடாது, ஆனால் தேய்க்காமலும் முடியாது.

பேடை அலசின வாளித் தண்ணீரைக் கொட்ட மனசு வரவில்லை. கோவில் துணிகளை வெளுக்கிறவள் அதைக் கேட்டு வாங்கிப் போய், சொட்டு நீலத்துக்குப் பதிலாக அதில் முக்கி எடுத்தாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பீடத்து விரிப்பு இருந்த வெண்மையைப் பார்த்து ஊரே வாளியோடு கொட்டகைக்கு வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் முக்கின வேட்டிகளை உதறிக் கட்டினால் உள்ளே மெல்லிய மேகம் நகர்வதும், மாலையில் ஓரங்கள் லேசாகச் சிவப்பதும் உண்டு. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

டிக்கியைத் தேய்த்த மறுநாளே, முதல் பஸ்ஸில் கரிசல் காட்டிலிருந்து ஒரு சம்சாரி வந்து இறங்கினார். பேர் கெங்கையா. கம்பு விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறவர்.

"தாயி, எங்க ஊருக்கு மேல கொஞ்சம் மூடாக்கு இருந்துச்சு. நேத்து யாரோ அதைத் துடைச்சுப்புட்டாக. விசாரிச்சேன், உன்னைக் கை காட்டுதாக."

அப்போதுதான் கணக்கு முழுசாகப் புரிந்தது. டிக்கி என்பது மேற்கே கரிசலின் வானம். கூரை என்பது ஊரும் உப்பளமும். பானெட் என்பது கடல். முன்கண்ணாடி இருக்கிற இடம் கடற்கரை, அதனால்தான் அங்கே எப்போதும் கொஞ்சம் கண் கூசுகிறது.

கெங்கையாவுக்குப் பின்னாலேயே உப்பளத்துத் தங்கப்பழ அண்ணாச்சி தன் ஸ்கூட்டரில் வந்தார். அவருக்கு மேகமே ஆகாது.

"ஏம்மா கித்தேரி, எனக்குக் கூரையை மட்டும் கண்ணாடி மாதிரி ஆக்கிக் குடுத்திரு. வெயிலு ஊசி மாதிரி இறங்கணும். சுழிக்கோடு விழுந்ததுல இருந்து உப்பு வட்ட வட்டமா விளையுது, சாக்குல நிக்கமாட்டேங்குது."

"எனக்கு டிக்கியில கொஞ்சம் மங்கல் போதும் தாயி. முழுசாப் பளபளக்க வேண்டாம்."

"வே, உமக்கு மங்கல் போட்டா அது என் பக்கம் தவழ்ந்து வராதா?"

"வந்தா வரட்டும்! ஒரு மழைக்கு உம்ம உப்பு கரைஞ்சா, அதே மழைக்கு என் வீட்டு உலை கொதிக்கும்."

இரண்டு பேரையும் எதிரெதிரே பெஞ்சில் உட்காரவைத்து, கித்தேரி நடுவில் நின்று பேரம் பேசினாள். அண்ணாச்சிக்குக் கூரை, அவர் பதிலுக்குக் கொட்டகைக்கு நல்ல தண்ணீர்க் குழாய் இழுத்துத் தரவேண்டும், ஏனென்றால் இருக்கிற குழாயின் உப்புத் தண்ணீரில் அலசின பேடு அடுத்த கீறலைத்தான் போடும். கெங்கையாவுக்கு டிக்கியில் மங்கல். அவர் பதிலுக்குப் பானெட் முடிகிறவரை மேகத்தைத் தன் எல்லைக்குள் பார்த்துக்கொள்ளவேண்டும். மேகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் கேட்கவில்லை. ஆடு மேய்த்துப் பழக்கம் இருந்தது, சரி என்று தலையாட்டிவிட்டார்.

கூரையை வெள்ளை பேடால் முடித்தாள். உப்பளத்தில் வெயில் ஊசியாக இறங்கியது. டிக்கியில் ஆரஞ்சு பேடைப் போட்டு, காம்பவுண்டு விட்டுப்போகிற பால் மாதிரியான மங்கலை வேண்டுமென்றே துடைக்காமல் விட்டாள். கரிசலுக்கு மேல் மேகம் வந்து உட்கார்ந்தது. ஊரில் கல்யாண வீட்டுக்காரர்கள் பந்தலுக்கு மேல் ஒரு சின்ன நிழல் வேண்டும் என்று வந்தார்கள். அப்பளம் போடுகிற பெண்கள் நிழலே வேண்டாம் என்று வந்தார்கள். ஒரு ஓரத்தை ஊதிவிட்டும், ஒரு ஓரத்தைத் துடைத்தும் எல்லோருக்கும் அவரவர் வானம் கிடைத்தது. பானெட் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் அதைத் தொடத் தயங்கினாள். எல்லாருடையதும் அவளுக்கு வேலை, இது ஒன்றுதான் அவளுடையது.

பேடும் காம்பவுண்டும் வேனில் போட்டு ஊர் ஊராகப் போகிற மைதீன் பாய் வந்தபோது, அவள் வேனுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பாய், இது எந்த ஊரு ஃபோம்? கட்டில் மெத்தையை அறுத்துக் கொண்டாந்தீரா?"

"அக்கா, ஜெர்மன்காரன் சரக்கு."

"ஜெர்மன்காரன் உமக்குச் சித்தப்பனா? அமுக்குறேன், எந்திரிக்கமாட்டேங்கு. சூடு பட்டா இது உளுத்தமாவு மாதிரி உதிரும். அந்தப் பக்கம் ஒளிச்சு வச்சிருக்கீரே, அதை எடும்."

"அதை ஒருத்தருக்குப் பேசி வச்சிருக்கேன்க்கா."

"பேசினது வாய்தானே? நானும் பேசுதேன், எடும்."

பாய் சிரித்துக்கொண்டே எடுத்தார். பிறகு, கடலில் தூரத்தே சுற்றுகிற வள்ளத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, சீட்டு எதுவும் ஒட்டாத ஒரு பாட்டிலை நீட்டினார். "சும்மா வச்சுக்கோங்க. ஒரே தேய்ப்பு. ஒரு நாள்கூட ஆகாது, கோடு இருந்த இடமே தெரியாது."

சும்மா தருகிற எதையும் அவள் வாழ்க்கையில் வாங்கியதில்லை. அன்று வாங்கினாள்.

கறுப்பு பேடில் வைத்துத் தேய்த்தாள், நீலம் துளிகூட ஏறவில்லை. கோடுகள் ஒவ்வொன்றாக அமுங்கி மறைந்தன. பானெட் விடிகாலைக் கடல் மாதிரி ஆனது. தெருவில் யாரோ கூவினார்கள்: "ஏ கித்தேரி, அங்க பாரு! நேரா வருதான்!"

கடைசியில் ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்க்கவேண்டும். கீறல் நிஜமாகவே போயிருக்கிறதா, இல்லை எண்ணெய்ப்பசை உள்ளே புகுந்து மூடியிருக்கிறதா என்று காட்டிக்கொடுப்பது அந்த ஒரு துடைப்புதான். கொட்டகைக்கு வேலை பழக வருகிற எவன் அதை மறந்தாலும், அவன் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். அன்று அவளே மறந்தாள். ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கல்பாலத்துக்கு ஓடினாள்.

வள்ளம் கோடு போட்ட மாதிரி நேராக வந்தது. சந்தியாகு முன்புறத்து அணியத்தில் நின்றான். தாடி வளர்ந்திருந்தது, சிரித்துக்கொண்டிருந்தான். கரையில் குலவை போட்டார்கள். மேற்கே கரிசலில், கெங்கையா கைக்குச்சியை ஓங்கியபடி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த மேகங்களில் ஒன்று, மந்தையிலிருந்து பிரிந்த ஆடு மாதிரி, எல்லையைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, கடலுக்கு மேல் வந்து நின்றது. மழை பெய்தது. சந்தனம் தெளிக்கிற மாதிரி, வலிக்காத மழை. அந்த மழை வானத்துக் கீறல்களில் அடைந்திருந்த எண்ணெயைக் கழுவிவிட்டது. முதலில் மேலே கோடுகள் தெரிந்தன, பிறகு கொட்டகைக்குள் பானெட்டிலும் தெரிந்தன. சந்தியாகு கல்பாலத்தில் வைக்க ஒரு காலைத் தூக்கியிருந்தான். தூக்கின கால் தூக்கினபடியே இருக்க, வள்ளம் அவனைத் திருப்பிக்கொண்டு போனது.

"ஏட்டி," என்று அவன் போகிறபோக்கில் சொன்னான், "நீ மெலிஞ்சு போயிருக்க."

கித்தேரி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்ததை ஊர் அன்றுதான் முதன்முதலில் பார்த்தது. அதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். கெங்கையா ஈரத் துண்டோடு வந்து கொட்டகை வாசலிலேயே நின்றார். அவர் காட்டில் கம்பு முளைவிட்டிருந்தது, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மைதீன் பாய் மட்டும் இரண்டு ஊர் தள்ளிப் போய் வேனை நிறுத்தி வைத்திருந்தார், பிறகு அவராகவே திரும்பி வந்து, வேனின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு, "வேணுங்கிறதை எடுத்துக்கோங்க, பேச்சே வேண்டாம்க்கா" என்றார். பேரம் பேசாமல் பொருள் எடுக்க அவளுக்குக் கை கூசியது. ஆனாலும் எடுத்தாள்.

அப்புறம் அவள் சட்டப்படி செய்தாள். எண்ணெயை ஸ்பிரிட்டால் வழித்து எடுத்தாள். கீறல்கள் கூச்சமில்லாமல் முழு முகத்தையும் காட்டின. தாலாட்டினாள், மெலிந்த கோடுகள் தூங்கிப்போயின. தடவினாள், நடுத்தரமானவை இளகின. பிறாண்டினாள், ஒவ்வொரு தேய்ப்புக்கும் பேடில் நீலம் ஏறுவதை மனசில் குறித்துக்கொண்டு, இதற்குமேல் வேண்டாம் என்று தன் கையையே அதட்டிக்கொண்டு. ஒரு கோடு போகும்போது சந்தியாகின் வட்டம் ஒரு பக்கம் நெகிழும். இன்னொன்று போகும்போது அவன் கரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வருவான். ஊர் வேலையை விட்டுவிட்டுக் கொட்டகையைச் சுற்றி நின்றது. உப்பளத்து ஆட்கள் பாத்திகளில் தண்ணீர் கட்டிவிட்டு வந்து நின்றார்கள். மெஷின் சத்தம் ஒரு வண்டு தூக்கத்தில் முரல்கிற மாதிரி நீண்டுகொண்டே இருந்தது. வானம் முன்னைவிடக் கொஞ்சம் வெளுத்துப்போனது, ஆனால் சுத்தமாக இருந்தது. பீங்கானில் ஊற்றிவைத்த மோர்த்தண்ணீர் போல இருந்தது.

எல்லாக் கோடும் போய், ஒரே ஒரு கோடு மிச்சமாக நின்றது. பானெட்டின் நடுவிலிருந்து ஓரம்வரை, ஒரு பிறை போல. அந்தத் துணியில் இருந்த ஒரு பெரிய மணல், ஒரே இழுப்பில் போட்டது. கித்தேரி சுட்டுவிரல் நகத்தைக் குறுக்கே இழுத்தாள். நகம் மாட்டியது.

நகம் வழுக்கினால் பாலிஷில் போகும், நகம் மாட்டினால் போகாது. எந்தப் பேரத்துக்கும் அது இறங்காது. அவளுக்குத் தெரியும். தெரிந்தே கம்பளி பேடை எடுத்து மெஷினில் மாட்டினாள். கரகரவென்று கடிக்கிற காம்பவுண்டைப் பிழிந்து வைத்தாள். சோதனைக்கு மூலையைத் தேடியவள், கோபத்தில், பானெட்டின் விளிம்பில் வைத்துவிட்டாள். விளிம்பில்தான் பெயிண்டு மெல்லிசு, தகடு திரும்புகிற இடத்தில் அது நிற்காமல் வழிந்திருக்கும். கம்பளி அங்கே கடித்தது. நீலம் போய், அடியில் இருந்த செங்கல் நிறப் பிரைமர், விரல்நுனி அகலத்துக்கு, வெளியே வந்தது.

கடலின் தென்கோடியில், தொடுவானத்துக்குச் சற்று மேலே, மத்தியான வேளையில் ஒரு செம்மண் துண்டு தோன்றியது. கோழிகள் கூடைக்குப் போய் அடைந்தன. கோவில் உபதேசியார் அந்திமணியை அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். கித்தேரியின் போன் அடித்தது.

"ஏட்டி," என்றான் சந்தியாகு. "இங்க கடல் ஒரு பக்கம் சிவந்திட்டு. மீனெல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டே நிக்கி. என்ன செய்யுத?"

"கம்பளி போட்டிருக்கேன்."

அவளிடம் பட்ட கம்பளியெல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"கழட்டிரு," என்றான்.

"கழட்டினா உம்மைக் கரை சேர்க்க வேற வழி கிடையாது."

"எனக்காக எல்லாருக்கும் மேல இருக்கிறதைப் பிச்சுப்போட்டா, நான் கரைக்கு வந்து எதைப் பார்த்துக்கிட்டு நிப்பேன்? கழட்டு புள்ள."

அவள் கழற்றினாள். மெஷினைத் தரையில் வைத்துவிட்டு, பானெட்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். அன்று ஊரில் எல்லோருடைய தலைக்கும் மேலே வானம் கொஞ்சம் கீழே இறங்கி வந்து, கதகதப்பாக இருந்தது.

இனி ஒன்றுதான் வழி. அதே பெயிண்டை எடுத்து, நுனி மெலிந்த தூரிகையால் அந்தக் கோட்டுக்குள்ளும் விளிம்பில் கடிபட்ட இடத்திலும் மட்டும் வைத்து, காயவிட்டு, மேடு தட்டாமல் வெள்ளை பேடால் சமன் செய்வது. ஊரிலிருந்த பெயிண்டர்களெல்லாம் நிறம் கலந்து பார்த்தார்கள். டப்பாவுக்குள் இருக்கும்போது அச்சு அசல் ஒத்துப்போனது, எடுத்து வைத்தால் பள்ளிக்கூடத்துச் சுவர் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. அந்த இடத்துக்குக் கீழே பறக்க நாரைகள் மறுத்தன. கித்தேரி அதைக் காய்வதற்குள் தின்னரால் துடைத்தாள். அந்த வண்டிக்கு அடித்த பெயிண்டில் மிச்சம் இருக்கிற டப்பா, வண்டியைக் கொண்டுவந்து விட்ட கையில்தான் இருக்கவேண்டும்.

இப்போது சந்தியாகின் வள்ளம் வட்டமடிப்பதில்லை. அந்த ஒற்றைப் பிறைக்கோட்டில்தான் போய் வருகிறது. ஒவ்வொரு மாலையும் கல்பாலத்தை உரசுகிற மாதிரி வந்து, பாலம் நெடுக அதன் பக்கத்திலேயே மிதந்து, நுனியில் விலகிப் போய்விடுகிறது. கைக்கு எட்டும், கால் வைக்க முடியாது. வைத்தால் கால் வள்ளத்திலேயே இருக்கும். கித்தேரி வேலை முடிந்ததும் போய், பாலத்தின் தொடக்கத்திலிருந்து நுனிவரை அவனோடு நடக்கிறாள். சோற்றுத்தூக்கைக் கொடுக்கிறாள், நேற்றையதை வாங்கிக்கொள்கிறாள். கறியில் உப்பு கூடிவிட்டது என்று அவன் சொல்கிறான். கடலில் உட்கார்ந்துகொண்டு உப்பைப் பற்றிப் பேசாதீரும் என்று அவள் சொல்கிறாள். பாலத்தில் தூண்டில் போடுகிறவர்கள் அந்த நேரத்துக்குத் தூண்டிலைச் சுருட்டி வழிவிடுகிறார்கள்.

போன வாரம் அவன் ஒரு பொருளை அவள் கையில் வைத்தான். அந்த வெள்ளை பேடு. டீசல் கறை துளி இல்லை. வள்ளத்துக்கு வீசப்படுகிற குடிதண்ணீரில் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று அலசி, பிழிந்து, நிழலில் காயவைத்திருக்கிறான். அவள் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். மணல் இல்லை, உப்பு இல்லை.

"கல்யாணப் பொண்ணு கன்னத்துல படலாமா?" என்று அவன் கேட்டான்.

"படலாம்," என்றாள். அதற்குள் பாலம் முடிந்துவிட்டது.

ஆகையால்தான் அவள் உச்சி வெயிலில் நின்று கத்துகிறாள். கேள்: நெட்டையோ குட்டையோ, ஆணோ பெண்ணோ, நீ எவராக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. உனக்கு என்ன அவசரம் என்றும் கேட்கமாட்டாள். அண்ணாச்சிக்கு வெயில் கிடைத்துவிட்டது, கெங்கையாவுக்கு மழை கிடைத்துவிட்டது, ஊருக்கு வெள்ளை வேட்டி கிடைத்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவளுக்கு மட்டும் ஒரு நகத்தளவு பாக்கி நிற்கிறது. கார் கழுவித் துடைத்து, தார்ப்பாய் போட்டு, நிழலில் நிற்கிறது. தூரிகை இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, வெள்ளை பேடு காய்ந்து தயாராக இருக்கிறது, அதைப் பிடிக்கிற கை இருக்கிறது. இல்லாதது உன் டப்பா மட்டும். மூடியில் ஒட்டின மிச்சம் போதும். கூலி வேண்டாம், பேரம் வேண்டாம், கித்தேரி வாயால் பேரம் வேண்டாம் என்று வருகிறது என்றால் அது என்ன விலை என்று உனக்குத் தெரியும். அந்தத் துணியை வழியிலேயே எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வா. கீறினது நீ. இன்று சாயங்காலம் பாலத்து நுனி வருவதற்குள் வந்து அடைத்துக் கொடு.